பெயிண்டர் விசா

“பயணம்தான் ஓவியனை உருவாக்குகிறது.” இந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்த வாக்கியத்தை ஏழெட்டு இடத்தில் பார்த்துவிட்டேன். ஒரு ரீலில், ஒரு புத்தக முன்னுரையில், ஒரு இலக்கிய முகாமின் கடைசி நாள் உரையில். உதாரணங்களும் மாறுவதே இல்லை. பாரிஸ் சலித்து 1891ல் தாஹித்திக்குக் கப்பலேறிய கோகன். 1888ல் ஆர்ல் நகரத்து வெயிலுக்குப் போன வான்கா. 1914 ஏப்ரலில் துனிசியாவுக்குப் போய் நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிய பால் க்ளே. மூன்று பேரையும் சொல்லி முடித்ததும் ஒரு சின்ன இடைவெளி விட்டு, “நீங்களும் கிளம்புங்கள்” என்பார்கள். முகாமில் அன்றைக்குக் கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. நானும் தட்டினேன். தட்டிவிட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் எரிச்சல் வந்தது.

எரிச்சலுக்குக் காரணம் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருத்தர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் கோகன் கணக்கை முடித்துவிடலாம், ரொம்ப நேரம் ஆகாது. அவர் போனது ஒரு பிரெஞ்சுக் காலனிக்கு. அங்கே அவர் எதிர்பார்த்துப் போன ஆதிவாழ்க்கையைப் பாதிரிமாரும் அதிகாரிகளும் முன்பே துடைத்திருந்தார்கள். இல்லாததை இருப்பதாக வரைந்தார். 13, 14 வயசுப் பெண் பிள்ளைகளை மனைவி என்று சேர்த்துக்கொண்டார். படங்கள் அற்புதமானவை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் “பயணம் அவர் கண்ணைத் திறந்தது” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கண் பாரிஸிலேயே எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் கப்பலேறியது.

சரி, கோகன் நமக்குத் தூரம். நம்ம ஆளைப் பார்ப்போம். இந்திய ஓவியர்களில் பயணத்துக்குப் பேர்போனவர் ராஜா ரவிவர்மா. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு அவர் அயலார் இல்லை. அவர் 1848ல் பிறந்த கிளிமானூரும் நாங்கள் பிறந்த நாகர்கோவிலும் ஒரே ராஜாவின் ராஜ்யத்தில் இருந்த ஊர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நாங்கள் பிரிந்து இந்தப் பக்கம் வந்தோம். திருவிதாங்கூரின் பழைய தலைநகரமான பத்மநாபபுரம் தக்கலைப் பக்கத்தில்தான் இருக்கிறது. இடம் தமிழ்நாடு, அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பு. (நுழைவுச்சீட்டு வாங்கும்போது குழம்பி நிற்கிற வெளியூர்க்காரர்களைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.) ஆக, ரவிவர்மாவின் பயணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அவர் கதையே பிறர் வந்து போன பயணங்களில்தான் தொடங்குகிறது. 14 வயசில் மாமாவோடு திருவனந்தபுரம் அரண்மனைக்கு வருகிறார். ஆயில்யம் திருநாள் ஆதரிக்கிறார். அங்கே அரசவை ஓவியர் மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தின் சூட்சுமத்தை இந்தப் பையனுக்குச் சொல்லித்தர மறுக்கிறார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வந்து கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். 1868ல் டென்மார்க்கைச் சேர்ந்த தியோடர் ஜென்சன் அரண்மனைக்குப் படம் வரைய வருகிறார். அவரும் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதிக்கிறார். பையன் பார்த்தே பிடித்துக்கொண்டான்.

இதில் ராமசாமி நாயக்கரை வில்லனாக்கிச் சினிமா மாதிரி சொல்வது வழக்கம். எனக்கு அந்த மனுஷனைப் புரிகிறது. ஊரை விட்டு வந்து, அந்நிய மொழி பேசுகிற அரண்மனையில், கையில் இருக்கிற ஒரு வித்தையை மட்டும் வைத்துப் பிழைக்கிறவர். ராஜாவுக்கு வேண்டப்பட்ட வீட்டுப் பையன் வந்து அதைக் கேட்கிறான். கொடுத்துவிட்டால் நாளைக்குச் சோறு? ஆறுமுகம் பிள்ளையோ, சொல்லிக்கொடுத்ததற்காக வரலாற்றில் ஒரு வரி இடம் பிடித்தார். அவர் வரைந்த படம் எதுவும் நம் பேச்சில் இல்லை. இந்த இரண்டு பேரும் செய்ததும் பயணம்தான். யாரும் இவர்களை வைத்து ரீல் போடுவதில்லை.

ரவிவர்மாவின் சொந்தப் பயணங்களுக்கு வருவோம். 1870ல் மூகாம்பிகைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் கூலிக்கு வரைந்த முதல் குடும்பப் படம். 1873ல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண் படத்துக்கு. 1880ல் ஆயில்யம் திருநாள் இறக்கிறார். அடுத்து வந்த விசாகம் திருநாளுக்கும் ஓவியருக்கும் ஒத்துப்போகவில்லை. அரண்மனையில் இடம் சுருங்குகிறது. அப்போதுதான் 1881ல் பரோடா அழைக்கிறது. பிறகு 1888ல் பரோடா மகாராஜா சயாஜிராவ் புராணக் காட்சிகள் 14 வரையச் சொல்கிறார். புராணப் பெண்களுக்கு என்ன உடுத்துவது என்று தெரியவில்லை. தம்பி ராஜராஜவர்மாவைக் கூட்டிக்கொண்டு வட இந்தியா முழுக்க அலைகிறார். கோயில் சிற்பங்களைப் பார்க்கிறார், ஊர் ஊராக ஜனங்களைப் பார்க்கிறார். பழங்கால உடை என்று நம்பி எடுத்துக்கொள்ளும்படி எதுவும் சிக்கவில்லை. கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம் சேலை. அதிலும் பெரும்பாலும் மராட்டியப் பெண்கள் கட்டுகிற விதம். தமயந்தியும் சீதையும் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டுதான் நம் கண்ணுக்குள் வந்தார்கள். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிற ‘இசைக் கலைஞர்களின் கூட்டம்’ படத்தில் 11 பெண்கள், ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு தேசத்து உடுப்பு. இந்தியாவையே ஒரே சட்டத்துக்குள் உட்கார வைத்த படம்.

“பார்த்தீர்களா, பயணம் என்ன செய்தது!” என்று முகாம் பேச்சாளர் இந்த இடத்தில்தான் கையை உயர்த்தினார்.

நான் கேட்க நினைத்த கேள்வி இதுதான். பெண் என்ன உடுத்த வேண்டும், எப்படி உடுத்த வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடி ஒரு திருவிதாங்கூர்க்காரர் ஆயிரக்கணக்கான மைல் போகிறார். அந்தக் கேள்விக்காகவே அவருடைய சொந்த ராஜ்யத்தில், திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே 70 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், வீடுகளும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டிருக்கின்றன. சந்தையில் பெண்களின் ரவிக்கை கிழிக்கப்பட்டிருக்கிறது. 1822ல் கல்குளத்துப் பக்கம் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு எரிந்த தோள்சீலைக் கலகம். நாடார் பெண்கள் தோளை மூடலாமா கூடாதா என்பது அரசாங்கம் உத்தரவு போட்டு முடிவு பண்ண வேண்டிய விஷயமாக இருந்தது. 1859 ஜூலை 26ல் வந்த உத்தரவை எடுத்துப் பாருங்கள். ரவிக்கை போடலாம், முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணி கட்டலாம், வேறு எப்படியும் மூடிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் கட்டுகிற மாதிரி மட்டும் கட்டக்கூடாது. துணியின் முரடும் மடிப்பும் சட்டத்தில் ஏறிய ராஜ்யம் இது. அப்போது ரவிவர்மாவுக்கு 11 வயசு. சரியாக 14 வருஷம் கழித்து நாயர் பெண்ணின் படத்துக்குப் பதக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த உத்தரவு வந்தபோது திருவிதாங்கூர் திவான் டி. மாதவ ராவ். கும்பகோணத்துத் தஞ்சை மராட்டியர். கலகத்தின்போது பழைய வழக்கத்தை மீறக்கூடாது என்று நாடார்களை எச்சரித்து 1858 டிசம்பரில் அறிவிப்பு வந்ததும் அவர் காலத்தில்தான். பிற்பாடு அதே மாதவ ராவ் பரோடாவுக்குத் திவானாகப் போகிறார். 1881ல் ரவிவர்மாவுக்குப் பரோடா வாசலைத் திறந்துவிட்டது அந்தப் பழைய திருவனந்தபுரத்துப் பழக்கம். படங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்ற யோசனையையும் ஓவியருக்குச் சொன்னவர் அவரே. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடம், சாலை, வரிக்குறைப்பு என்று நல்லதும் செய்தவர். நான் சொல்வது ரயில் டிக்கெட் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். தெற்கே துணிக்காக அடிவாங்கிய பெண்களைக் கோப்பில் பார்த்த அதே மேஜையின் வழியாகத்தான், புராணப் பெண்களுக்குத் துணி தேடுகிற பயணத்துக்கும் பாதை போயிருக்கிறது.

ரவிவர்மாவின் புகழ்பெற்ற படங்கள் எதிலும் அந்தப் பெண்கள் இல்லை. உடனே ஒருத்தர் எழுந்து கேட்பார்: ஓவியன் எல்லாவற்றையும் வரைந்தே ஆகணுமா? தேவையில்லை. ‘ஜிப்ஸிகள்’ என்று தெருவில் பிழைக்கிற குடும்பத்தை அவர் வரைந்திருக்கிறார், ஏழையைப் பார்க்கவே மாட்டேன் என்றவர் இல்லை. அரண்மனைச் சோறு சாப்பிட்டவர், அவருக்கு எல்லை இருந்திருக்கும். எல்லாம் சரி. ஆனால் அப்புறம் “பயணம் கண்ணைத் திறக்கும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது. வடக்கே திறந்த கண் தெற்கே மூடியே இருந்தது. வடக்கே போன ஒவ்வொரு மைலும் தெற்கே பார்க்காமல் இருப்பதைச் சுலபமாக்கியது என்றுகூடச் சொல்வேன். இந்தியா முழுக்கச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான ஒரு சேலையைக் கண்டுபிடித்த பிறகு, கல்குளத்தில் யார் எந்தத் துணியைக் கட்டினால் அடி விழும் என்ற கேள்வி அந்தப் படங்களுக்குள் வரவே வழியில்லை.

பயணமே அன்றைக்குச் சாதிச் சொத்து என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைக்கத்தில் கோயில் தெருவில் நடப்பதற்காக 1924ல் சத்தியாகிரகம் நடந்தது. 1926ல் இங்கே சுசீந்திரத்தில் அதே கோரிக்கை. ஒரு கோயிலைச் சுற்றி நூறு அடி தூரம் நடப்பதற்கு அடிபட்டு ஜெயிலுக்குப் போன ஊரில் நின்றுகொண்டு, “கால் போன போக்கில் போங்கள்” என்று எப்படிச் சொல்வது? கால் போன போக்கு என்பது எல்லோருடைய காலுக்கும் கிடைத்ததில்லை. ரவிவர்மாவுக்கே ஒரு கோடு இருந்தது: கடல் தாண்டினால் சாதி போகும். கடைசிவரை தாண்டவில்லை. 1893ல் சிகாகோ கண்காட்சிக்கு அவருடைய 10 படங்கள் போய்ப் பரிசு வாங்கின. வரைந்தவர் கரையிலேயே நின்றார். அதே வருஷம் அதே சிகாகோவுக்கு ஒரு வங்காளத்துச் சாமியார் போனார். சில மாதங்களுக்கு முன், 1892 டிசம்பரில், அவர் எங்கள் கன்னியாகுமரிப் பாறையில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. ரவிவர்மாவின் பயணம் செய்யாததை அவருடைய படங்களின் பயணம் செய்தது. 1894ல் பம்பாயில் காட்கோபரில் அச்சகம் தொடங்கினார். 1899ல் அது லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாறியது. பிறகு ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. அங்கிருந்து கிளம்பிய லட்சுமியும் சரஸ்வதியும் ரயிலிலும் வில்வண்டியிலும் ஊர் ஊராக வந்தார்கள். 1936 நவம்பர் 12ஆம் தேதி கோயில் நுழைவுப் பிரகடனம் வருகிறவரை சந்நிதியை எட்டிப் பார்க்க முடியாதவர்களின் வீட்டு மண்சுவரில், அதற்கு முன்பே, ஆணியடித்து மாட்டிய அச்சுப்படமாகச் சாமி வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஆச்சி வீட்டிலும் ஒரு லட்சுமி இருந்தாள். மூலையெல்லாம் கரையான் அரித்து, யானை பாதி போய், தாமரை மட்டும் மிச்சம். ஆச்சிக்கு அதை வரைந்தவர் யார் என்று கடைசிவரை தெரியாது. கேட்டால் “கடையில வாங்குனது” என்பாள். அந்தப் படத்துக்கு விளக்கு வைத்துத்தான் அவள் என் அம்மாவைப் படிக்க வைத்தாள். ரவிவர்மாவிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தத் தாமரையிடம் கிடையாது.

பயணம் செய்து வந்தவர்கள் எங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம். 1786ல் இந்தியா வந்து 1793 வரை சுற்றிய ஆங்கிலேய ஓவியர்கள். 1792ல் தெற்கே கிளம்பினார்கள், திப்புவோடு நடந்த யுத்தம் முடிந்த சூட்டோடு. பல்லக்கு, மாட்டுவண்டி, சமையல்காரன், சுமைதூக்கி என்று ஒரு பட்டாளமே கூடப் போகும். வழியில் வரைந்ததையெல்லாம் லண்டனில் 144 செப்புத்தகட்டு அச்சுகளாக வெளியிட்டார்கள். அதில் ஒன்றின் தலைப்பு ‘கேப் கொமொரின்’. கூடவே ஒரு வால்: ‘களக்காட்டுக்கு அருகிலிருந்து எடுத்தது’. களக்காடு திருநெல்வேலிச் சீமை. மலைக்கு அந்தப் பக்கம். அங்கே நின்றால் குமரிக் கடலா தெரியும், மகேந்திரகிரியின் முதுகுதான் தெரியும். லண்டன் வரவேற்பறையில் அதை வாங்கி மாட்டியவனுக்கு, அதுதான் இந்தியாவின் தென்முனை. நம்ம ஊர்ப்பேர் உண்டு, நம்ம ஊர் இல்லை. இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இன்றைக்கும் சூரியோதயத்துக்கு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு ஒன்பது மணி பஸ்ஸில் போகிறவர்கள் குமரிமாவட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதத்தானே செய்கிறார்கள்.

பயணத்தால் நிஜமாகவே மாறிய ஒருத்தரைச் சொல் என்றால் அம்ரிதா ஷெர்கில்லைச் சொல்வேன். புடாபெஸ்டில் 1913ல் பிறந்தவர், பாரிஸில் படித்தவர், 1934 கடைசியில் இந்தியா திரும்பியவர். 1936 முடிவில் தெற்கே கிளம்பினார். அஜந்தா, எல்லோரா, திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. இங்கே அவர் வந்தது 1937 தொடக்கத்தில். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்து மை காயாத நேரம். அவரும் வசதியான வீட்டுப் பெண்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் கொச்சியில், மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்முன் அவர் செய்த காரியம் முக்கியம். உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஊருக்கு ஓடாமல் நாள்கணக்கில் அந்தச் சுவரைப் பார்த்து நகல் எடுத்தார். பாரிஸில் படித்த பெண், பேர் தெரியாத ஒருத்தனின் கோட்டைக் கைவலிக்கப் பின்தொடர்ந்தாள். சிம்லா திரும்பிய பிறகு வந்தவைதான் ‘மணப்பெண்ணின் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்’. மூன்றும் 1937. நான்கு வருஷத்தில், 28 வயசில் இறந்துபோனார். அவரை மாற்றியது எத்தனை ஊர் பார்த்தார் என்ற கணக்கா, ஒரு சுவர்முன் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்ற கணக்கா? எனக்கு விடை தெரியும். முகாம் பேச்சாளர் கோபித்துக்கொள்வார்.

அந்தச் சுவரை வரைந்தவனின் சொந்தக்காரர்கள் எங்கள் ஊர்ச் சுவர்களிலும் இருக்கிறார்கள். பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில், அனந்தசயனம் உட்பட, 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. சாதாரணமாக வருகிறவர்களை அங்கே மேலே விடுவதில்லை. சுசீந்திரம் ராஜகோபுரத்துக்குள்ளே தளத்துக்குத் தளம் ஓவியம். சுண்ணாம்புப் பூச்சின் மேல் செம்மண் அரைத்த சிவப்பு, மஞ்சள், விளக்குக் கரியின் கறுப்பு, நீலஅவுரி கலந்த பச்சை. திருநந்திக்கரையில் பாறையைக் குடைந்த குகைக்கோயில் இன்னும் பழசு, எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டு. அங்கே நிறம் பெரும்பாலும் போய்விட்டது. கோட்டின் தடம் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, முகத்தின் வளைவு, ஒரு கண்ணின் ஓரம். மட்டாஞ்சேரிக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடையே இத்தனை ஒற்றுமை இருக்கிறது என்றால் அந்தக் கைகள் ஊர் விட்டு ஊர் நடந்திருக்க வேண்டும். ஒரு கோயில் வேலை முடிந்து அடுத்த கோயிலுக்கு, சாயப் பொட்டலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, நடந்துதான். கடைசியில் சுவரில் ராஜா பேர் நின்றது, வரைந்தவன் பேர் நிற்கவில்லை.

இனி அண்ணாச்சி.

எங்கள் தெருமுனையில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். தகரப் போர்டில் நூல் அடித்து, சாக்பீஸில் கோடு போட்டு, எனாமலில் எழுத்து எழுதுவார். ‘ழ’வை அவர் முடிக்கிற விதத்தைப் பார்க்கவே நிற்பேன். கடைசிச் சுழிப்பில் தூரிகையைச் சின்னதாக ஒரு திருப்பு திருப்பி எடுப்பார், கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும். கோயில் கொடைக்கு வாசல் தட்டி, சர்ச் திருநாளுக்குப் படங்கள், எலெக்‌ஷன் வந்தால் எல்லாக் கட்சிக்கும் சுவர், புதுப்படத்துக்குக் கட்அவுட். ஒரு நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுடலைமாடனுக்கு மீசை போட்டார். “மீச சரியா விழலன்னா சாமி எறங்காது மக்கா” என்றார்.

பிளெக்ஸ் வந்தது. இரண்டே வருஷம். ஒரு மணி நேரத்தில் போட்டோ மாதிரி பேனர் வந்து விழுந்தபோது அண்ணாச்சியின் ‘ழ’ யாருக்கும் வேண்டியதாக இல்லை. 2004ல் வட்டிக்குப் பணம் வாங்கி ஏஜெண்டிடம் கட்டி தோஹாவுக்குப் போனார். விசாவில் என்ன போட்டிருந்தது தெரியுமா? பெயிண்டர். “கவர்மெண்டே சொல்லிட்டு பாத்துக்கோ, நான் பெயிண்டர்னு” என்று ஏர்போர்ட்டுக்குப் போகும் வேனில் சிரித்தார்.

எட்டு வருஷம். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. சாரத்தில் ஏறி பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, ரோலரில் எமல்ஷன். அறுபது பேர் படுக்கிற கேம்ப். அப்பா இறந்தபோது வர முடியவில்லை. 2012ல் வந்தவரிடம் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அப்போது நான் புதுசாக இலக்கியம் படிக்கத் தொடங்கியிருந்தேன், வான்காவின் கடிதங்கள் என் பையில் இருந்தன. “அண்ணாச்சி, அங்க பாலைவனத்துல நெறமெல்லாம் எப்படி இருந்திச்சு?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “வெள்ளதாம் மக்கா. ரூமுக்குள்ள வெள்ள, வெளிய வெள்ள. எட்டு வருசம் அதத்தானே அடிச்சேன். இப்பம் கலர் எடுத்தா கை நடுங்குது.”

அவர் தோஹாவில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அதே கத்தாருக்கு இன்னொரு ஓவியரும் போய்ச் சேர்ந்தார். எம்.எஃப். ஹுசைன். அவரும் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைப்பைத் தொடங்கியவர்தான். 90 வயசில், 2006ல், வழக்குகளும் மிரட்டலும் துரத்தி ஊரை விட்டுப் போனார். 2010ல் கத்தார் குடியுரிமை கொடுத்தது. 2011ல் லண்டனில் இறந்தார். ஹுசைனின் வலியை நான் சின்னதாக்கவில்லை, சொந்த மண்ணில் சாக முடியாமல் போனவர். ஆனாலும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேனர் ஓவியர்கள். ஒருத்தருக்கு அரண்மனையின் அழைப்பு, புதுப் படவரிசை. இன்னொருத்தருக்கு ரோலர். “ஓவியர்களும் பயணங்களும்” என்று எழுதுகிறபோது இரண்டாவது ஆள் ஏன் பட்டியலிலேயே வருவதில்லை? எங்கள் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன பெயிண்டர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினால் பஸ் பத்தாது. அத்தனை பேரும் வெறும் சுவர் அடிக்கிறவர்கள்தானா? அதில் எத்தனை பேருக்கு ‘ழ’ தெரியும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

என் சண்டை பயணத்தோடு இல்லை. நானும் பை தூக்கிக்கொண்டு அலைகிறவன்தான். ஹம்பியில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறேன். என் சண்டை அந்த வாக்கியத்தோடு. டிக்கெட் எடுத்தது யார், பெட்டி தூக்கினது யார், திரும்பி வர முடியுமா முடியாதா, போகிற வழியில் எந்தப் பக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள் என்ற நாலு கேள்வியையும் விழுங்கிவிட்டு, வெயிலும் நிறமும் விடுதலையும் மட்டும் துப்புகிற வாக்கியம் அது. தெல்ஃப்ட்டை விட்டுப் பெரிதாக எங்கும் போகாத வெர்மீரை அதற்குள் வைக்க முடியாது. சொந்த ஊர் மலை ஒன்றையே திரும்பத் திரும்ப வரைந்த செசானை வைக்க முடியாது. ராமசாமி நாயக்கரை, ஆறுமுகம் பிள்ளையை, திருநந்திக்கரையில் அந்தக் கண்ணின் ஓரத்தைப் போட்டவனை வைக்க முடியாது. இத்தனை பேரை வெளியே தள்ளிவிட்டு மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணி, “பார்த்தீர்களா, எல்லோரும் பயணிகள்!” என்றால் அது என்ன கணக்கு?

அண்ணாச்சி இப்போது போர்டு எழுதுவதில்லை. மளிகைக்கடையில் கணக்கு எழுதுகிறார். போன வருஷம் கொடைக்கு முன்னால் சுடலைமாடன் சிலைக்குப் புது வர்ணம் அடிக்க வெளியூரிலிருந்து ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆள் உடம்புக்கெல்லாம் அடித்து முடித்து, மீசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பூசாரி நேரே மளிகைக்கடைக்கு வந்தார். அண்ணாச்சி முதலில் வர மாட்டேன் என்றார். கை நடுங்கும் என்றார். பூசாரி விடவில்லை. சாயங்காலம் நான் போனபோது பீடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தார், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. கீழே பத்துப் பதினைந்து பேர், ஒருத்தரும் பேசவில்லை. பாதி மீசைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இறங்கி வந்து தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே, “மத்தப் பக்கம் நாளைக்கு” என்றார்.